வில்லுக்கத்தியின் கூர் எவ்வளவு நிற்கும்? யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும் சோதனை எது?

வில்லுக்கத்தி வாங்க நிற்பவர் முதலில் கேட்பது, கூர் நிற்குமா என்பதுதான். கடைக்காரர் அலகில் பொறித்த எழுத்தைக் காட்டுவார். டி2, 440சி, 8சிஆர்13எம்ஓவி என்று ஏதோ ஒன்று இருக்கும். அந்த எழுத்து உருக்கில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அதை எந்தச் சூட்டில் காய்ச்சினார்கள், எப்படித் தோய்த்தார்கள், வாயை எந்தக் கோணத்தில் எடுத்தார்கள் என்று சொல்லாது. ஒழுங்காகத் தோய்த்த டி2 அலகு, உருக்கின் வன்மையைச் சொல்லும் றொக்வெல் சி அளவில் 60 அளவில் நிற்கும். தோய்ப்பில் பிழைத்தால் நாலைந்து புள்ளி கீழே இறங்கிவிடும். இரண்டிலும் பொறித்திருப்பது ஒரே எழுத்து.

அதனால் வெட்டித்தான் பார்க்க வேண்டும். எதை வெட்டிப் பார்ப்பது? கடதாசி, காட்போட் மட்டை, தும்புக் கயிறு, தங்கூசி நூல் என்று நாலு பொருள் இங்கே எவருக்கும் கைக்கெட்டும். இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணித்தான் பலர் குழம்புகிறார்கள். சோதனையில் இரண்டு வேலை இருக்கிறது: கத்தியை மழுக்குவது ஒன்று, எவ்வளவு மழுங்கியது என்று அளப்பது மற்றது. கயிறும் மட்டையும் மழுக்கும், ஆனால் அளக்கத் தெரியாது. கடதாசி ஓரளவுக்கும் தங்கூசி நுட்பமாகவும் அளக்கும், ஆனால் மழுக்காது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் தெரிவு சுலபம்.

கூர் போகும் வழிகள்

மொட்டையான கத்தி எல்லாம் ஒரே காரணத்தால் மொட்டையாவதில்லை. வாய் ஒரு பக்கம் மடிந்து போகலாம். மென்மையான உருக்கிலும், மிக ஒல்லியாகத் தீட்டிய வாயிலும் இது நடக்கும். தேய்ந்து உருண்டு போகலாம். மண்ணும் மணலும் கலந்த பொருளை வெட்டும்போது இதுதான் நடக்கும். கடினமான உருக்கில் சின்னச் சின்னப் பல் விழலாம். நாலாவது வழி, கறள். இந்தக் குடாநாட்டில் அதை ஒதுக்கிவிட்டுக் கூரைப் பற்றிப் பேச முடியாது. வாயின் நுனி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு மெல்லியது. கண்ணுக்குத் தெரியும் கறள் வருவதற்கு வெகு முன்பே அந்த நுனி அரிக்கப்பட்டுவிடும். உப்புக் காற்றில் கிடந்த காபன் உருக்குக் கத்தி ஒன்றையும் வெட்டாமலே காலையில் மொட்டையாக இருப்பது இதனால்தான்.

தேய்மானத்தை எதிர்ப்பது உருக்குக்குள் இருக்கும் காபைட் மணிகள், அதாவது காபன் ஓர் உலோகத்தோடு சேர்ந்த வன்மையான நுண்மணிகள். தோய்த்த உருக்கின் அடித்தளம், வன்மையை அளக்கும் இன்னோர் அளவான விக்கேர்ஸ் அளவில் ஏறத்தாழ 700 முதல் 800. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 1100 அளவில் இருப்பதால் வெறும் உருக்கை அது கீறிவிடும். குறோமியம் காபைட் ஏறக்குறைய 1500, வனேடியம் காபைட் 2800 அளவு. இந்த மணிகள் நிறைய இருந்தால் மணல் கீறுவது குறையும். அந்த வன்மையே தீட்டும்போது தடையாக வரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கடதாசி

பத்திரிகைத் தாளை ஒரு கையில் தொங்கவிட்டு மேலிருந்து கீழே இழுப்பது எல்லோரும் செய்வது. வாயில் பிசிர், மடிப்பு, பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழி இல்லை. அலகின் பிடிப்பக்கத்திலிருந்து நுனி வரை இழுக்கும்போது தாள் எந்த இடத்தில் மாட்டிக் கிழிகிறதோ அந்த இடத்தில் கோளாறு. மெல்லிய பற்றுச்சீட்டுத் தாள் இன்னும் நுட்பமாகக் காட்டும்.

கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கேள்விக்குக் கடதாசி மறுமொழி சொல்லாது. தாள் வெட்டும், வெட்டாது என்ற இரண்டு நிலைக்கு நடுவே அளவு கிடையாது. வெட்டும் வேகத்தைச் சற்றுக் கூட்டினாலே மொட்டைக் கத்தியும் தாளை அறுத்துவிடும். விற்பனைக் காணொளிகளில் கத்தி கயிற்றை நூறு தடவை வெட்டிய பிறகும் தாளைச் சீவுவது இந்த வசதியால்தான். தீட்டி முடித்ததும் வாயைப் பரிசோதிக்கக் கடதாசியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதனிடம் கேட்க வேண்டாம்.

காட்போட் மட்டை

பலசரக்குக் கடைகளில் வெறும் பெட்டி சும்மா கிடைக்கும். மழுக்கும் வேகமும் அதிகம். மீள்சுழற்சி மட்டையில் களிமண் நிரப்பியும் நுண்மணலும் இருப்பதால் வாய் விரைவாகத் தேயும். சாமான் கடை, களஞ்சியம், பொதி பிரிக்கும் வேலை என்று கத்தி பாவிப்பவருக்கு இதுவே அசல் வேலை. அவருக்கு வேறு சோதனை தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், பெட்டிக்குப் பெட்டி மட்டை வேறு. பிஸ்கற் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டி வந்த பெட்டியும் ஒரே மாதிரி மழுக்குவதில்லை. இரண்டு கத்தியை ஒப்பிட வேண்டுமானால் ஒரு பெட்டியின் ஒரே பக்கத்தை நடுவால் பிரித்து, ஆளுக்குப் பாதியாகக் கொடுக்க வேண்டும். மட்டைக்குள் ஓடும் நெளிவுக்குக் குறுக்காகவே எப்போதும் வெட்டுங்கள். நெளிவோடு ஒட்டி வெட்டினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், தேய்மானம் குறையும். வெட்டிய நீளத்தை மீற்றரில் எழுதுங்கள். 30 சென்ரிமீற்றர் அகலப் பட்டையாக வெட்டினால் எண்ணுவது சுலபம். ஈரம் பிடித்த மட்டை வேண்டாம். மாரியில் களஞ்சிய மூலையில் கிடந்த பெட்டி மெதுவாகி, கத்தியைப் பிடித்து இழுக்கும், கையும் சேர்ந்து திருகும். அந்தத் திருகலில் வாய் மடிந்தால் அது உருக்கின் குற்றமல்ல.

தும்புக் கயிறு

மேற்கு நாடுகளில் கத்தி சோதிப்பவர்கள் மணிலாக் கயிற்றை நம்புகிறார்கள். நமக்குத் தும்புக் கயிறு இருக்கிறது. அது இந்த மண்ணுக்கு இன்னும் பொருத்தமானது என்று உறுதியாகச் சொல்லலாம். பனையும் தென்னையும் ஒரே குடும்பம். இரண்டும் நார்களின் மேல் நுண்ணிய சிலிக்கா மணிகளை அடுக்கி வைக்கின்றன. பனையோலை வார்கிறவர்களின் சத்தகம் ஏன் அடிக்கடி தீட்டுக்கல்லுக்குப் போகிறது என்பதற்கு அந்த மணிகளும் ஒரு காரணம். தும்பை வெட்டிப் பார்ப்பது ஓலை, மட்டை, கயிறு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்ப்பதுபோல.

ஆனால் தும்புக் கயிறு ஒரே சீராக இருப்பதில்லை. முறுக்கு ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருக்கும். தடிப்பு மாறும். மணல் ஒட்டியிருக்கும். மணல் இருந்தால் தும்புக்குப் பதில் மணலைச் சோதித்த கணக்காகிவிடும். 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கயிற்றை ஒரே சுற்றிலிருந்து 10 மீற்றர் வாங்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, தட்டி உதறி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். மிச்சச் சீர்கேட்டை வெட்டும் ஒழுங்கால் சமாளிக்கலாம். முதற் கத்தியால் 10 வெட்டு, இரண்டாவது கத்தியால் 10, மறுபடி இரண்டாவதால் 10, பிறகு முதற் கத்தியால் 10. இப்படி மாற்றி மாற்றிப் போனால் கயிற்றின் இறுகிய பகுதியும் தளர்ந்த பகுதியும் இரண்டு கத்திக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்காகும். ஒரு கத்தியை முழுக்க முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. அந்த முடிவு கயிற்றைப் பற்றியதா கத்தியைப் பற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கீழே வைக்கும் பலகையும் முக்கியம். பழப்பெட்டிப் பலகை போன்ற மெதுவான மரம் நல்லது. பனம் பலகை வேண்டவே வேண்டாம். அதன் கறுத்த வைர நார் வாயை மடிக்கும்.

தங்கூசி நூல்

அளவெடுக்க இதுவே சிறந்தது. ஒரே தடிப்புள்ள நைலோன் நூலை அறுக்க எத்தனை கிராம் அழுத்தம் வேண்டும் என்று பார்ப்பதுதான் சங்கதி. அமெரிக்காவில் மைக் புரூபேக்கர் வகுத்த பெஸ் அளவுகோலும் இதே கொள்கைதான். அதற்கென்று செய்த நூலும் கருவியும் உண்டு. புதிய சவர பிளேட் அந்த அளவில் ஏறத்தாழ 50 கிராம் காட்டும். நம் தங்கூசி வேறு நூல் என்பதால் அந்த எண்கள் நமக்குப் பொருந்தா. ஒப்பீட்டுக்கு அது தடையில்லை. முதலில் ஒரு புதிய சவர பிளேட்டால் நூலை அறுத்து வரும் கிராமை எழுதி வைத்துக்கொண்டால் நமக்கென்று ஓர் அளவுகோல் வந்துவிடும்.

சட்டம் செய்வது கடினமல்ல. ஒரு சாண் நீளப் பலகையில் 4 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு ஸ்குறூ ஆணியை நிமிர்த்தி நிறுத்துங்கள். பலகைக்கு மேலே 3 சென்ரிமீற்றர் நிற்கட்டும். 0.25 அல்லது 0.30 மில்லிமீற்றர் தங்கூசியை ஓர் ஆணியில் கட்டி, வாசர் போட்ட மற்ற ஆணிக்கு மேலால் விட்டு, நுனியில் 200 கிராம் பாரம் தொங்கவிடுங்கள். பாரம் தொங்கும்போதே வாசரை இறுக்கினால் ஒவ்வொரு தடவையும் நூலின் இழுவிசை ஒன்றாக இருக்கும். கையால் இழுத்துக் கட்டினால் ஒரு முறை வீணைத் தந்திபோல் நிற்கும், மறுமுறை தொய்யும். தொய்ந்த நூல் அறுக்க அதிக அழுத்தம் கேட்கும், கத்தி மொட்டை என்று பொய் சொல்லும்.

சட்டத்தை 5 கிலோ சமையல் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். அலகை நூலின் நடுவில் குறுக்காக வைத்து, நேரே கீழ்நோக்கி மெதுவாக அழுத்துங்கள். இழுக்கவோ அறுக்கவோ கூடாது. சற்று இழுத்தாலும் அளவு நன்றாகக் குறைந்துவிடும். தராசின் எண் நூல் அறும் கணத்தில் ஓடிவிடும் என்பதால் கைபேசியால் எண்பலகையைப் படமெடுத்து, பிறகு மெதுவாக ஓட்டிப் பார்த்து ஆகக் கூடிய எண்ணை எழுதுங்கள். அலகில் மார்க்கரால் குறித்த ஒரே இடத்தில் ஐந்து முறை அறுத்து, ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் விட்டு, மிச்சம் மூன்றின் சராசரியை எடுங்கள்.

நைலோன் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் வலு குறையும். ஆகவே எல்லா அளவும் ஒரே சுருளிலிருந்து, ஒரே நாளில். ஐப்பசி மழைக்குள் எடுத்த எண்ணையும் சித்திரை வெயிலில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

ஆய்வுகூடத்தின் அளவு

இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் உள்ள காட்ரா நிறுவனத்தின் இயந்திரம் ஐஎஸ்ஓ 8442-5 தரப்படி இயங்குகிறது. 5 வீதம் சிலிக்கா கலந்த அட்டை அடுக்கை 50 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 5 கிலோ பாரத்தில் அலகின் மேல் இறக்கி, 40 மில்லிமீற்றர் தூரத்துக்கு முன்னும் பின்னும் 60 சுற்று ஓட்டி, மொத்தம் எத்தனை மில்லிமீற்றர் அட்டை வெட்டுப்பட்டது என்று கூட்டுவார்கள். உருக்கு உற்பத்தியாளர் வெளியிடும் பல வரைபடங்கள் இந்த எண்களே. காபைட் கூடிய உருக்கை வரிசைப்படுத்த அது நம்பகமானது. வாய் மடிவதையும் பல் விழுவதையும் அது பெரிதாகக் காட்டாது. கறளை அறவே காட்டாது. கடலோரத்தில் கத்தி பாவிப்பவர் அந்த வரைபடத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவார்.

எதற்கும் முதல், தீட்டு

எந்தச் சோதனையைத் தெரிந்தாலும், இரண்டு கத்தியையும் ஒரே கோணத்தில், ஒரே கல்லில், ஒரே கையால் தீட்டாவிட்டால் முடிவுக்குப் பெறுமதி இல்லை. ஒரு பக்கம் 15 பாகையில் தீட்டிய சாதாரண உருக்கு, 25 பாகையில் தீட்டிய விலை கூடிய உருக்கைக் கயிற்றில் சுலபமாகத் தோற்கடிக்கும்.

கோணத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். அலகின் அகலத்தை அளந்து, 20 பாகைக்கு அதன் 0.34 மடங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்குங்கள். 20 மில்லிமீற்றர் அகல அலகுக்கு அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 15 பாகைக்கு 0.26 மடங்கு, அதாவது 5 மில்லிமீற்றர் சொச்சம். வாயின் சரிவை மார்க்கரால் கறுப்பாக்கி இரண்டு இழுவை இழுத்துப் பார்த்தால் கல் எங்கே படுகிறது என்று தெரியும். மேலே மட்டும் மை அழிந்தால் கோணம் குறைவு, நுனியில் மட்டும் அழிந்தால் கூட.

கல்லின் நயமும் ஒன்றாக இருக்க வேண்டும். கரடான கல்லில் எடுத்த வாய்க்குச் சிறு பற்கள் இருக்கும். கயிற்றை இழுத்து வெட்டும்போது அது நீண்ட நேரம் வெட்டுவதுபோல் தோன்றும். பளபளப்பாகத் தீட்டிய வாய் அழுத்தி வெட்டுவதில் நல்லது, கயிற்றில் விரைவாக வழுக்கும். ஒரு கத்தியை ஹாட்வெயார் கடைக் காபரண்டம் கல்லின் நயப்பக்கத்திலும் மற்றதைத் தோல்பட்டியில் மினுக்கியும் ஒப்பிடுபவர் உருக்கை ஒப்பிடவில்லை.

புதிதாக வாங்கிய கத்தியின் முதல் வாயை நம்பாதீர்கள். தொழிற்சாலைப் பட்டை இயந்திரத்தில் நுனி சுட்டு மென்மையாகியிருக்கும் சாத்தியம் அதிகம். இரண்டு மூன்று தடவை கையால் தீட்டி அந்தப் படையைக் கழித்த பின்னரே அசல் உருக்கு வெளியே வரும். கடையில் வாங்கிய அன்றே சோதித்து, இது சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட நல்ல கத்திகள் ஏராளம்.

பிசிர் இன்னொரு எதிரி. தீட்டி முடித்ததும் வாயின் ஓரத்தில் கம்பிபோல் ஒட்டி நிற்கும் மெல்லிய இழை அது. அதோடு தங்கூசியை அறுத்தால் பிரமாதமான எண் வரும். நாலைந்து கயிறு வெட்டியதும் அந்த இழை சரிந்து எண் எகிறும். உருக்கு கூடாது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பெருவிரலை முதுகுப் பக்கமிருந்து வாயை நோக்கி மெதுவாகத் தள்ளி, இரண்டு பக்கமும் தடக்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தடக்கினால் பிசிர் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கல்லில் அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றி ஏழெட்டு இழுவை, பிறகு பத்திரிகைத் தாள் மடிப்பில் அல்லது பழைய தோல் இடுப்புப் பட்டியில் சில இழுவை. அதற்குப் பிறகுதான் முதல் அளவு.

நடைமுறை

இவ்வளவும் ஒழுங்கானால் சோதனை தானாக ஓடும். அலகின் நடுவில் 4 சென்ரிமீற்றர் பகுதியை மார்க்கரால் குறித்து, கயிற்றை அந்தப் பகுதியால் மட்டும் வெட்டுங்கள். தங்கூசி அளவும் அதன் நடுவில். முதல் அளவை எழுதி, மேலே சொன்ன ஒழுங்கில் கத்திக்கு 20 வெட்டு முடித்து, வாயைத் துடைத்து மறுபடி அளவு. ஒரு வெட்டுக்குக் கயிறு ஒன்றரைச் சென்ரிமீற்றர் போனால் நூறு வெட்டுக்கு ஒன்றரை மீற்றர் போகும். இரண்டு கத்தியை இரண்டு முறை சோதிக்க 6 மீற்றர். 10 மீற்றர் வாங்கச் சொன்னது அதனால்தான். ஒரே இழுவையில் அறாவிட்டால் இரண்டாவது இழுவையையும் எண்ணிக் குறியுங்கள்.

தங்கூசி எண் தொடக்கத்தின் இரண்டு மடங்கானதும் நிறுத்துங்கள். முடியும்வரை வெட்டுவேன் என்று நிற்பதில் பயன் இல்லை. முழு மொட்டையான பிறகு எல்லா உருக்கும் ஒன்றாகத்தான் கயிற்றை மெல்லும், வேறுபாடு தெரிவது தொடக்கத்தில்தான்.

பிறகு இரண்டு கத்தியையும் மறுபடி தீட்டி, வெட்டும் ஒழுங்கைத் தலைகீழாக மாற்றி, முழுவதையும் இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாம் முறை முடிவு புரண்டால் அது உங்கள் தீட்டலின் வேறுபாடு, உருக்கின் வேறுபாடல்ல. நாலில் ஒரு பங்குக்குக் குறைந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது நல்லது. வீட்டுத் தராசும் கையும் அதைவிட நுட்பமாகச் சொல்லா.

கயிறு வெட்டும் கை முன்னே தள்ளாமல், உடலுக்குப் பக்கவாட்டில் இழுக்கட்டும். பூட்டில்லாத வில்லுக்கத்தியில் அழுத்தம் முதுகுப் பக்கம் போனால் அலகு விரலின் மேல் மூடும். கயிற்றைப் பிடிக்கும் கைக்குத் தடித்த கையுறை போடுங்கள்.

உப்பில் ஓர் இரவு

இது வெளிநாட்டு ஒப்பீடுகளில் அரிதாகவே வரும். குருநகர், பாசையூர், பருத்தித்துறை, தீவகம் என்று கடலை ஒட்டி வாழ்பவருக்கு இதுவே முதற் சோதனை.

கத்தியைத் தீட்டித் தங்கூசி அளவு எடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்புக் கரைத்தால் கடல் நீரின் உப்பளவு வரும். அதில் நனைத்துப் பிழிந்த துணியால் அலகை ஈரமாக்கி, துடைக்காமல் உலர விட்டு, மூடாமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மறுபடி அளவு. ஒன்றும் வெட்டவில்லை, ஆனாலும் காபன் உருக்கில் எண் கூடியிருக்கும். டி2இல் புள்ளி புள்ளியாகக் கறள் தொடங்கியிருக்கக் கூடும். 12சி27 போன்ற நல்ல கறள்படா உருக்கில் மாற்றம் மிகக் குறைவு. தேசிக்காய், மாங்காய் வெட்டிய புளியும் இதே வேலையைச் செய்யும். வேண்டுமானால் இரண்டாம் இரவு தேசிக்காய்ப் புளியோடு செய்து பாருங்கள்.

டி2இல் 12 வீதம் குறோமியம் இருக்கிறதே, ஏன் கறள் பிடிக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் குறோமியத்தில் பெரும்பங்கு 1.5 வீதக் காபனோடு சேர்ந்து காபைட்டாகப் போய்விடுகிறது. காவலுக்கு மிஞ்சுவது போதாது. கயிற்றில் அதை வெல்ல வைப்பதும் உப்பில் தோற்க வைப்பதும் அதே காபைட்தான்.

யாருக்கு எது

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமோ கரட்டோ பிடுங்கி வேர் அரிபவருக்குக் கூர் நிற்கும் உருக்கைத் தேடுவதே வீண். மண்ணில் குவார்ட்ஸ் இருக்கும்வரை எதுவும் நிற்காது. அங்கே தேவை விரைவாகத் தீட்டுப்படும் கத்தி. 0.9 வீதக் காபன் கொண்ட எக்ஸ்சி90 உருக்கு ஒப்பினெல் கத்திகளில் வருகிறது. மலிவான காபரண்டம் கல்லில் ஐந்து நிமிடத்தில் மயிர் சிரைக்கும் கூர் எடுக்கலாம். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவ வேண்டும், அவ்வளவுதான். கம்மாலையில் லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியும் இதே வகைதான், ஒரு நிபந்தனையோடு. ஸ்பிரிங் பட்டை வாகனத்தில் இருக்கும்போது றொக்வெல் 45 அளவில்தான் இருக்கும். அதை அப்படியே அரைத்து வடிவெடுத்தால் வாய் மடிந்துகொண்டே இருக்கும். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதம் பார்த்திருக்க வேண்டும். புதிய அரத்தை வாய்க்கு அருகில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அரம் சுலபமாகக் கடித்தால் தோய்க்கவில்லை. வழுக்கி, அரிதாகக் கீறினால் வேலை நடந்திருக்கிறது.

புகையிலைத் தோட்டத்தில் ஒரு பொய்த் தோற்றம் உண்டு. இலையின் பிசின் அலகில் ஒட்டி, கத்தி மொட்டையானதுபோல் இழுபடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் கூர் திரும்பிவிடும். துடைக்காமல் தங்கூசியில் அளந்தால் பிழையான எண் கிடைக்கும்.

கடற்றொழிலாளிக்கும் கரையோரக் குடும்பங்களுக்கும் 12சி27 அல்லது விக்டோரினொக்ஸ் பாவிக்கும் 1.4110 என்ற உருக்கு. முன்னதில் 0.6 வீதக் காபன், 13.5 வீதக் குறோமியம். பின்னது 55, 56 றொக்வெல்லில் நிற்கும் சற்று மென்மையான உருக்கு. கயிற்றுச் சோதனையில் இரண்டும் டி2க்குப் பின்னால்தான் வரும். 1.4110 பல் விழுவதைவிட மடிவதே அதிகம் என்பதால் கூர்க்கம்பியில் நாலு இழுவை போதும், வாய் நிமிர்ந்துவிடும். நைதரசன் சேர்த்த எல்சி200என் உருக்கு உப்பை இவற்றைவிட நன்றாகத் தாங்கும், விலை கைக்குள் நின்றால்.

நாள் முழுக்க மட்டையும் கயிறும் வெட்டுகிற கடை, களஞ்சிய வேலைக்கு டி2 தகும். கறளை மேசைக்குள் கட்டுப்படுத்தலாம். டி2இன் குறோமியம் காபைட்டைக் காபரண்டம் கல் வெட்டும், மெதுவாக என்றாலும் வெட்டும். எஸ்30வி வேறு கதை. அதில் 4 வீத வனேடியம். வனேடியம் காபைட் காபரண்டத்தை விட வன்மையானது, கல் அதைச் சுற்றியுள்ள உருக்கை மட்டும் தேய்த்துக்கொண்டு போகும். வைரத் தகடு இல்லாதவர் எஸ்30வி வாங்கினால் முதல் மொட்டைக்குப் பிறகு அது அலுமாரியில் கிடக்கும். கத்தி வாங்கும் பணத்திலேயே ஒரு வைரத் தகட்டுக்கும் ஒதுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

8சிஆர்13எம்ஓவி பற்றி ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. 0.8 வீதக் காபன், 13 வீதக் குறோமியம் என்ற கலவை நல்லதுதான். ஆனால் அதைப் பாவிக்கும் மலிவுக் கத்திகளில் தோய்ப்பு ஒரே சீராக இருப்பதில்லை. இந்த உருக்கைக் கொண்ட கத்தியைத்தான் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு கத்தியைக் கயிற்றில் மோதவிட்டாலே அந்தத் தயாரிப்பை நம்பலாமா என்று தெரிந்துவிடும்.

ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், உள்நாட்டில் இருப்பவர் கயிற்றையும் தங்கூசியையும் சேர்த்துச் செய்யட்டும். கடற்கரையில் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு உப்பு இரவை மட்டும் செய்தாலும் போதும். தங்கூசிச் சட்டத்தைக் கழற்றாமல் வைத்திருங்கள். சுருளின் தடிப்பையும் சவர பிளேட்டின் எண்ணையும் அதன் பலகையிலேயே எழுதிவிட்டால், அடுத்த கத்தியை வாங்கும்போது எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிராது.